மேலே ஏறும் உருண்டை, கீழே பார்க்கும் அம்பு

பிப்ரவரி 2, மாலை

வந்த கேள்வி முதலில், அப்படியே:

“தேர்வுக்கு ஐந்து வாரம் இருக்கிறது. நாங்கள் நான்கு பேர் சேர்ந்து உட்கார்ந்து இயற்பியல் கணக்குகள் போடுகிறோம். நேற்று மாலை முழுவதும் ஒரே கேள்வியில் போய்விட்டது. ஒரு திண்மக் கோளம் நழுவாமல் உருண்டபடி சாய்தளத்தில் மேலே ஏறுகிறது. அதன்மீது செயல்படும் உராய்வு விசை எந்தத் திசையில்? கீழ்நோக்கி என்று நான் சொன்னேன். மேல்நோக்கி என்று என் தோழி சாதிக்கிறாள். மற்ற இருவரும் எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யார் சொன்னது சரி? இன்னொன்று: இப்படிக் கூடிப் படிப்பதே நேர விரயம் என்று எனக்குத் தோன்றத் தொடங்கிவிட்டது. தனியாக இருந்திருந்தால் அந்த நேரத்தில் பத்துக் கணக்காவது போட்டிருப்பேன்.”

பிப்ரவரி 2, ஐந்து நிமிடம் கழித்து

கீழ்நோக்கித்தான். உராய்வு இயக்கத்தை எதிர்க்கும். கோளம் மேலே போகிறது. எனவே உராய்வு கீழே. இதற்கு ஒரு மாலைப்பொழுதா? உங்கள் தோழியைப் பாடத்தை இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள். இரண்டாவது கேள்விக்குச் சாவகாசமாக வருகிறேன்.

பிப்ரவரி 2, இரவு 11 மணி

மேலே உள்ளதை அடித்துவிடுங்கள். தோழி சொன்னதுதான் சரி.

படுத்த பிறகுதான் உறுத்தியது. கோளம் ஏற ஏற அதன் வேகம் குறைகிறது. நழுவாமல் உருள்கிறது என்றால் சுழற்சியும் அதே விகிதத்தில் குறைந்தாக வேண்டும். சுழற்சியைக் குறைப்பது யார்? எடை, நிறை மையத்தின் வழியாகச் செல்கிறது. மையத்தைப் பொறுத்து அதற்குத் திருப்பு விசை கிடையாது. தளம் தரும் செங்குத்து விசையும் மையத்தை நோக்கியே போகிறது. மிச்சமிருப்பது உராய்வு மட்டும்தான்.

சரிவு வலப்பக்கம் உயர்வதாக வரைந்துகொள்ளுங்கள். ஏறும் கோளம் கடிகார முள் சுற்றும் திசையில் சுழல்கிறது. அந்தச் சுழற்சியை மட்டுப்படுத்த எதிர்த்திசையில் ஒரு திருப்பம் வேண்டும். தாளில் வரைந்தும் எனக்கு நம்பிக்கை வரவில்லை. எழுந்து போய் ஒரு டப்பா மூடியை மேசையில் படுக்க வைத்து, என் பக்கம் இருந்த விளிம்பை விரலால் வலப்பக்கம் தள்ளினேன். மூடி இடஞ்சுழியாகத் திரும்பியது. படத்தில் அந்த விளிம்புதான் கோளத்தின் அடிப்புள்ளி. வலப்பக்கம்தான் சரிவின் மேல்பக்கம். அம்பு மேலே.

நான் சறுக்கிய இடம் ‘உராய்வு இயக்கத்தை எதிர்க்கும்’ என்ற வாசகம். பள்ளியில் மனப்பாடம் செய்தது, எத்தனையோ ஆண்டுகளாக உள்ளே குடியிருக்கிறது. உராய்வு எதிர்ப்பது தொட்டுக்கொண்டிருக்கும் இரு பரப்புகளுக்கு இடையிலான வழுக்கலை. கோளம் மொத்தமாக மேலே போகிறது, சரி. ஆனால் தளத்தைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் ஓய்வில் இருக்கிறது. உராய்வு இல்லை என்று வைத்துப் பாருங்கள்: மையத்தின் வேகம் குறையும், சுழற்சி குறையாது, அடிப்புள்ளி கீழ்ப்பக்கமாக வழுக்கத் தொடங்கும். அந்த வழுக்கலைத் தடுக்கத்தான் உராய்வு மேல்நோக்கி வருகிறது.

தோழியிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

பிப்ரவரி 3

அளவையும் சொல்லிவிடுகிறேன். எடைக்குச் சரிவின் வழியே ஒரு கூறு உண்டு அல்லவா, திண்மக் கோளத்துக்கு உராய்வு அதில் 2/7 பங்கு. திண்ம உருளைக்கு 1/3. மெல்லிய வளையத்துக்குச் சரிபாதி. ஏறினாலும் இதே அளவு, இறங்கினாலும் இதே அளவு, இரண்டுக்கும் திசை மேல்நோக்கியே. இறங்கும்போது மேல்நோக்கி என்றால் யாரும் மறுப்பதில்லை. ஏறும்போதுதான் சண்டை வருகிறது.

இதை ஒரு எண் கணக்காக மாற்றினால் வேடிக்கை கூடும். சமதளத்தில் நழுவாமல் உருண்டு வருகிறது ஒரு திண்மக் கோளம். வேகம் நொடிக்கு 10 மீட்டர். புவியீர்ப்பு முடுக்கத்தை 10 என்றே வைத்துக்கொள்வோம். எதிரே இரண்டு சரிவுகள். ஒன்று சொரசொரப்பு, நழுவாமல் உருளலாம். மற்றது உராய்வே இல்லாத வழவழப்பு. எதில் அதிக உயரம் ஏறும்? நான் கேட்டுப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் வழவழப்பான சரிவைத்தான் சொன்னார்கள்.

சொரசொரப்பான சரிவில் 7 மீட்டர். வழவழப்பில் 5 மீட்டர்தான். வழவழப்பில் உச்சிக்குப் போன கோளம் ஒரு கணம் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் நின்ற இடத்தில் சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சுழற்சியில்தான் மீதி 2 மீட்டர் மாட்டிக்கொண்டிருக்கிறது.

பிப்ரவரி 4

ஒருவர் மறுப்பு எழுதியிருக்கிறார்: உராய்வு மேலே தள்ளுகிறது என்றால் அது வேலை செய்கிறது, அப்படியானால் ஆற்றல் காப்பு என்ன ஆயிற்று? நல்ல கேள்வி. ஓய்வில் இருக்கும் புள்ளியில் செயல்படுவதால் உராய்வு செய்யும் மொத்த வேலை சுழி. சுழற்சியிடமிருந்து எடுப்பதை அப்படியே நேர்க்கோட்டு இயக்கத்துக்குக் கொடுக்கிறது, நடுவில் கமிஷன் எதுவும் எடுப்பதில்லை.

இன்னொருவர் கார் சக்கரத்தை இழுத்து வந்தார். அது வேறு கதை. எஞ்சின் சக்கரத்தைத் திருப்புகிறது, அங்கே வெளியிலிருந்து ஒரு திருப்பு விசை இருக்கிறது. ‘உருளும் பொருளுக்கு உராய்வு இந்தத் திசை’ என்று ஒரே வரியில் எழுதி வைத்துக்கொள்ளாதீர்கள். சமதளத்தில் மாறாத வேகத்தில் தானாக உருளும் கோளத்துக்கு உராய்வு சுழிதான், எந்தத் திசையும் இல்லை.

பிப்ரவரி 6

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கூடிப் படிப்பது நேர விரயமா?

விடுதியில் என் அறையில் ஒரு நண்பன் இருந்தான். கணக்குகளில் நான் வேகம், அவன் மெது. தேர்வு நெருங்கினால் இரவில் அவனுக்குச் சொல்லிக்கொடுப்பது என் வேலை என்று தானாகவே ஆகிவிட்டது. சொல்லப்போனால் எனக்கு அது பிடித்தும் இருந்தது. ஒருவன் நம் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு சுகம் உண்டு. ஒரு நாள் உருளும் சக்கரத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். தரையைத் தொடும் புள்ளி ஓய்வில் இருக்கிறது என்று நான் வாசித்தேன். அவன் பேனாவை வைத்துவிட்டு, “அந்தப் புள்ளி நிற்கிறது என்றால் சக்கரம் எப்படி நகர்கிறது?” என்றான். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்று சொல்லாமல், “அதெல்லாம் தேர்வுக்கு வராது, அடுத்த கணக்குக்குப் போ” என்றேன். அவனும் போனான்.

நான்கு நாளுக்கு முன் ஐந்தே நிமிடத்தில் உங்களுக்குத் தவறான விடை எழுதினேனே, அது அந்த இரவின் பாக்கி. அன்று அவனோடு அரை மணி நேரம் சண்டை போட்டிருந்தால் தீர்ந்திருக்கும்.

ஆகவே உங்கள் பத்துக் கணக்கு வாதம் எனக்குச் செல்லாது. தனியாக உட்கார்ந்து பத்துக் கணக்கும் போட்டிருப்பீர்கள். பத்திலும் அம்பு கீழே பார்த்திருக்கும்.

பிப்ரவரி 6, பின்குறிப்பு

எழுதியதைத் திரும்பப் படித்தால் கூட்டுப் படிப்புக்கு விளம்பரம் செய்வதுபோல இருக்கிறது. மறுபக்கமும் உண்டு.

அதே விடுதி, அதே நண்பன், கூடவே இன்னும் இருவர். குழிலென்சுக் கணக்கு. குவியத்தூரம் 20 செ.மீ., பொருள் 20 செ.மீ. தொலைவில் இருக்கிறது, பிம்பம் எங்கே? ஒருவன் போட்டான், மற்ற மூவரும் பார்த்து எழுதினோம். குழிலென்சின் குவியத்தூரத்துக்குக் கழித்தல் குறி போட அவன் மறந்துவிட்டான். கூட்டிக் கழித்தால் 20இல் ஒரு பங்கும் 20இல் ஒரு பங்கும் அடிபட்டுச் சுழி வந்தது. பிம்பம் முடிவிலியில் என்று நான்கு நோட்டிலும் எழுதினோம். ஒளியை விரிப்பதையே தொழிலாகக் கொண்ட லென்சு அது. விரிந்து வந்த கதிர்களை இணையாக்கி முடிவிலிக்கு அனுப்பிவிட்டதாக நான்கு பேரும் நம்பினோம். நால்வருக்கும் ஒரே விடை வந்ததால் சந்தேகமே எழவில்லை. சரியான விடை 10 செ.மீ., பொருள் இருக்கும் அதே பக்கத்தில், மாயபிம்பம்.

நான்கு பேர் ஒத்துப்போவதும் விடை சரியாக இருப்பதும் வேறு வேறு. உங்கள் குழுவில் இருவர் சண்டை போட்டார்கள் என்று படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. ஆனால் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்த மற்ற இருவரைப் பற்றித்தான் கவலை.

பிப்ரவரி 7

இடையில் ஒரு சின்னப் புலம்பல் வந்தது. 30 பாகைச் சரிவில் விட்ட கட்டை, நொடிக்கு நொடி 9.88 மீட்டர் வீதம் மேல்நோக்கி முடுக்கம் அடைகிறதாம், மூன்று முறை போட்டும் அதே விடையாம், மூன்று நண்பர்கள் சரிபார்த்தார்களாம்.

கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது, கோணத்தை அளக்கும் வேறொரு அலகு அது. பாகைக்கு மாற்றுங்கள். 30 ரேடியனுக்கு சைன் மதிப்பு கழித்தல் 0.988, அதைப் பத்தால் பெருக்கிவிட்டு மூன்று பேரும் தலையாட்டியிருக்கிறீர்கள். தானாகச் சரிவில் ஏறும் கட்டை யார் கண்ணையும் உறுத்தவில்லையா?

பிப்ரவரி 10

கூடிப் பேசுவதற்கும் தேர்ச்சிக்கும் தொடர்பு உண்டா, யாராவது அளந்து பார்த்திருக்கிறார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். உண்டு.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் இயற்பியல் நடத்தும் எரிக் மசூர், டேவிட் ஹெஸ்டனஸும் சகாக்களும் உருவாக்கிய வினாக்களைத் தம் மாணவர்களுக்குக் கொடுத்தார். நியூட்டன் விதிகளைச் சாதாரணச் சொற்களில் கேட்கும் எளிய வினாக்கள். கடினமான கணக்குகளை ஊதித் தள்ளியவர்கள் அவற்றில் தடுமாறினார்கள். நீங்கள் கற்பித்தபடி எழுதட்டுமா, நான் வழக்கமாக நினைக்கிறபடி எழுதட்டுமா என்று ஒரு மாணவர் கேட்டதை மசூரே பலமுறை சொல்லியிருக்கிறார். என் தலைக்குள்ளும் இந்த இரண்டு பேர் தனித்தனியாகக் குடியிருக்கிறார்கள் என்பதை 2ஆம் தேதி மாலை நிரூபித்துவிட்டேன்.

1991 முதல் அவர் வகுப்பை மாற்றினார். ஒரு கேள்வி, ஒவ்வொருவரும் முதலில் தனியாக, யாரையும் கேட்காமல் விடை சொல்ல வேண்டும், பிறகு பக்கத்தில் இருப்பவரோடு வாதம், பிறகு மறுபடி விடை. சரியான விடைகள் இரண்டாம் சுற்றில் கூடின.

உடனே எழும் சந்தேகம்: தெரிந்தவன் சொன்னதைத் தெரியாதவன் எழுதியிருப்பான், இதில் என்ன இருக்கிறது? கொலராடோ பல்கலைக்கழகத்தில் ஒரு மரபியல் வகுப்பில் இதையே சோதித்து, 2009இல் முடிவை வெளியிட்டார்கள். பேசிய பிறகு, அதே கருத்தை வேறு விதமாகக் கேட்கும் இன்னொரு கேள்வியைத் தனியாக எழுத வைத்தார்கள். அதிலும் மதிப்பெண் கூடியது. சரியான விடை தெரிந்தவர் ஒருவரும் இல்லாத குழுக்களும் பேசித் தேறியிருக்கின்றன என்பது அவர்கள் எட்டிய முடிவு.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது முதல் படி. தனியாக ஒரு விடையில் கையெழுத்துப் போட்ட பிறகே வாயைத் திறக்க வேண்டும். எங்கள் லென்சுக் கணக்கில் நடக்காதது அதுதான். உங்கள் குழுவின் மௌன உறுப்பினர்கள் இருவரையும் முதலில் அம்பு வரையச் சொல்லுங்கள். தவறாக வரைந்தாலும் பரவாயில்லை, வரைந்தவர் வாதத்துக்கு வந்துவிடுவார்.

பிப்ரவரி 15

பேனா யார் கையில் என்பதைப் பற்றி ஒரு வார்த்தை.

சொல்லிக்கொடுக்கிறவன் பேனாவைப் பிடித்தால் கணக்கு அவனுடையதாகிவிடுகிறது. நான் பல ஆண்டுகள் இதைத்தான் செய்தேன்: “இங்கே கொடு” என்று நோட்டை என் பக்கம் திருப்பி, படம் வரைந்து, விசைகளைக் குறித்து, சமன்பாடு எழுதி, விடையை வட்டமிட்டு நோட்டைத் திருப்பிக் கொடுப்பேன். “புரிந்ததா?” “புரிந்தது.” இருவரும் பொய் சொல்லாமலேயே அங்கே ஒரு பொய் நடந்துவிடும்.

இப்போது கையைக் கட்டிக்கொண்டு உட்காருகிறேன். எளிதாக இல்லை. எதிரே இருப்பவர் செங்குத்து விசையைத் தளத்துக்குச் செங்குத்தாக வரையாமல் நேர் மேலே வரைகிறபோது விரல்கள் துடிக்கும். “இந்த அம்பைப் போட்டது யார், தளமா, பூமியா?” என்று மட்டும் கேட்பேன். பெரும்பாலும் ரப்பர் தானாக எடுக்கப்படும்.

சில நேரம் எடுக்கப்படாது. அப்போது நானே வரைந்து காட்டிவிடுகிறேன். தேர்வு நாளைக்குக் காலையில் என்றால் கொள்கை பேசிக்கொண்டிருக்க முடியாது.

பிப்ரவரி 22

கேள்வி கேட்டவர் மீண்டும் வந்திருக்கிறார். குழு கலையவில்லையாம். மௌனமாக இருந்தவர்களில் ஒருவர் இந்த வாரம் மூவரையும் மடக்கிவிட்டாராம்: ஒரு மின்தேக்கியை (மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் சாதனம்) மின்னேற்றி, பேட்டரியைக் கழற்றிவிட்டு, மின்னேற்றமில்லாத இன்னொன்றோடு இணைத்தால் ஆற்றல் குறைகிறதே, அது எங்கே போகிறது? கம்பிக்கு மின்தடையே இல்லை என்று கேள்வியில் இருக்கிறதே?

எண்களோடு பார்க்கலாம். ஒரே அளவுள்ள இரண்டு மின்தேக்கிகள், ஒவ்வொன்றும் 2 மைக்ரோ ஃபாரட். ஒன்று 100 வோல்ட்டுக்கு மின்னேற்றப்பட்டது, ஆற்றல் 0.01 ஜூல். இணைத்ததும் மின்னூட்டம் இரண்டுக்கும் சமமாகப் பிரிகிறது, மின்னழுத்தம் 50 வோல்ட். இப்போது மொத்த ஆற்றல் 0.005 ஜூல். பாதி போய்விட்டது. இதை அடிக்கோடிட்டுக்கொள்ளுங்கள்: பாதி.

கம்பியின் மின்தடை எவ்வளவாக இருந்தாலும் இந்த இழப்பு மாறாது என்பதுதான் இதில் அழகு. மின்தடை அதிகம் என்றால் சிறிய மின்னோட்டம் நீண்ட நேரம் பாயும். குறைவு என்றால் பெரிய மின்னோட்டம் சிறிது நேரம் பாயும். வெளியாகும் வெப்பம் ஒன்றே. மின்தடையே இல்லை என்று வைத்துக்கொண்டால், மின்னூட்டம் இங்கும் அங்கும் அலைந்து மின்காந்த அலைகளாக ஆற்றலைக் கதிர்வீசி அடங்கும். மின்னூட்டம் காக்கப்படுகிறது என்பதால் மின்தேக்கிகளின் ஆற்றலும் அப்படியே இருக்கும் என்று எடுத்துக்கொள்வதில்தான் பலரும் விழுகிறார்கள்.

பிப்ரவரி 23

நேற்றைய குறிப்பில் ‘அழகு’ என்று எழுதியதற்கு, தேர்வுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது அழகைப் பற்றிப் பேசாதீர்கள் என்று ஒருவர் கண்டித்திருக்கிறார். ஏற்றுக்கொள்கிறேன்.

மார்ச் 10

தேர்வு முடிந்துவிட்டது. அவர் எழுதியதன் சுருக்கம்: உருளும் கோளம் வரவே இல்லை. நால்வரும் ஐந்து வாரமாகக் கூர்தீட்டி வைத்திருந்த அம்பு வீணாயிற்று. மின்தேக்கி வந்தது. 2 மைக்ரோ ஃபாரட், 100 வோல்ட், அதோடு மின்னேற்றமில்லாத ஒரு மின்தேக்கியை இணைத்தால் இழக்கப்படும் ஆற்றல் எவ்வளவு? பார்த்ததும் அவருக்குக் கை பரபரத்ததாம். பாதி, 0.005 ஜூல் என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

இரண்டாவது மின்தேக்கி 3 மைக்ரோ ஃபாரட். இணைத்த பின் மின்னழுத்தம் 40 வோல்ட், மிச்சம் 0.004 ஜூல், இழப்பு 0.006 ஜூல்.

மூவரையும் அன்று மடக்கிய அந்த மௌன நண்பர் சரியாக எழுதியிருக்கிறாராம். அவர் என் குறிப்பைப் படிக்கவில்லை. பேசித் தீர்த்துக்கொண்டதோடு சரி.

‘ஒரே அளவுள்ள’ என்று நான் எழுதினேனா என்று மேலே போய்ப் பார்த்தேன். எழுதியிருக்கிறேன். ஆனால் அடிக்கோடிடச் சொன்னது ‘பாதி’யை.